ஹூ-டி ஆன்டிபாடி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

ஹூ-டி என்ற நரம்பணுப் புரதத்தைத் தேடி வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) போட்டிருக்கிறீர்கள். படம் எடுத்துப் பார்த்தால் 40 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் அழகாக ஒரு பட்டை. மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் நோட்டில் ‘ஹூ-டி உள்ளது’ என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த உயரத்தில் வந்து நிற்கக்கூடியவர்கள் நான்கு பேர். நால்வரும் கூடப்பிறந்தவர்கள், முகஜாடையும் ஒன்றுபோல இருக்கும்.

ஹூ-ஆர் மூத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருப்பார். ஹூ-பி, ஹூ-சி, ஹூ-டி மூவரும் நரம்பணுக்களில் குடியிருப்பவர்கள். ஹூ-பி மட்டும் விந்தகத்திலும் சூலகத்திலும் தலைகாட்டும். நான்குமே ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். எடை 36 முதல் 42 கிலோடால்டனுக்குள் அடங்கிவிடும்.

இந்தப் புரதங்களுக்குப் பெயர் வந்ததே புற்றுநோய் வழியாகத்தான். 1985இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜெரோம் போஸ்னரின் குழு, நுரையீரல் புற்றுநோயோடு உணர்வு நரம்புகளும் கெட்டுப்போன நோயாளிகளின் இரத்தத்தில் நரம்பணுவின் உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று இருப்பதை எழுதியது. ‘ஹூ’ என்பது அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்து. 1991இல் ஹூ-டியின் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது பழ ஈயின் ‘எலாவ்’ புரதத்துக்கு உறவு என்று தெரிந்தது. அதனால்தான் மரபணுவின் பெயர் எலாவ்எல்4. சிறு செல் நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் அநேகமாக எல்லாமே, நியூரோபிளாஸ்டோமா (நரம்பணுவாக வளர வேண்டிய செல்களில் வரும் புற்றுநோய்) கட்டிகள் பலவும், நரம்பணுவுக்கே உரிய இந்தப் புரதத்தைத் தாங்களும் தயாரிக்கின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் கட்டியை அடிக்கக் கிளம்பி, அதே புரதத்தைச் சுமக்கும் சொந்த நரம்பணுக்களையும் சேர்த்து அடித்துவிடுகிறது.

பல வருடம் இந்த ஆன்டிபாடிகளோடு புழங்கியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. கோளாறு என்று கொண்டுவரப்படுபவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: நான்கு பேரில் யாரைப் பிடித்தோம்? பஃபரை மாற்றுவது, நீர்த்தலை மாற்றுவது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நான்கு லேன்

12 சதவீத ஜெல் ஒன்று போடுங்கள். முதல் லேனில் (ஒரு சாம்பிள் ஓடும் தடம்தான் லேன்) ஐஎம்ஆர்-32 அல்லது எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் நியூரோபிளாஸ்டோமா செல். இரண்டாவதில் எலி மூளைப் புறணி. மூன்றாவதில் ஹீலா, நரம்பணு அல்லாத கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல். நான்காவதில் உங்கள் சாம்பிள். ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம் போதும். சாயம் அடிக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். 25 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லின் அடியை நெருங்கும்வரை ஓடவிடுங்கள். அப்போதுதான் 36க்கும் 42க்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி விழும்.

லோடிங் கன்ட்ரோல் (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் ஒப்பீட்டுப் புரதம்) விஷயத்தில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்டின் 42இல் நிற்கும், ஜிஏபிடிஹெச் 36–37இல் நிற்கும். இரண்டுமே ஹூ குடும்பம் உட்கார்ந்திருக்கும் திண்ணை. ஜெல்லிலிருந்து புரதத்தை இறக்கிய ஒரே மெம்பிரேனை ஆக்டினுக்குப் பார்த்துவிட்டு, சரியாகக் கழுவாமல் ஹூ-டிக்குப் போட்டால், எல்லா லேனிலும் ஹூ-டி ‘இருக்கும்’. 50–55இல் நிற்கும் டியூபுலினையோ, 120 பக்கம் நிற்கும் வின்குலினையோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்தாலேயே தீர்ந்துபோன ‘மர்மங்களை’ நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஹீலாவிலும் பட்டை வருகிறது

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி மூச்சு வாங்க ஓடிவந்தாள். “அக்கா, ஹீலாவிலும் ஹூ-டி இருக்கு!” படத்தை வாங்கிப் பார்த்தேன். நியூரோபிளாஸ்டோமா லேனில் ஒட்டினாற்போல் இரண்டு பட்டைகள். ஹீலாவில் ஒன்றே ஒன்று, ஆனால் நன்றாகத் தடித்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஹீலாவின் பட்டை, நியூரோபிளாஸ்டோமாவின் கீழ்ப் பட்டையோடு ஒரே கோட்டில் நின்றது. மேல் பட்டை ஹீலாவில் இல்லவே இல்லை. கீழே நின்றது ஹூ-ஆர். குப்பியின் மேல் ‘ஹூ-டி’ என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருந்த பாலிகுளோனலுக்கு (பல ஆன்டிபாடிகளின் கலவை) நால்வரும் ஒன்றுதான்.

சரி, இதை எப்படி உறுதி செய்வது?

முதலில் தயாரிப்புத் தாளை எடுத்து, புரதத்தின் எந்தத் துண்டை விலங்குக்குச் செலுத்தி இந்த ஆன்டிபாடியை உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். ஹூ புரதம் ஒவ்வொன்றிலும் ஆர்என்ஏவைப் பிடிக்கும் பகுதிகள் மூன்று. முதல் இரண்டும் அடுத்தடுத்து வரும், பிறகு ஒரு கீல் பகுதி, அதன்பின் மூன்றாவது. பிடிக்கும் பகுதிகள் நான்கு புரதத்திலும் மிகவும் ஒத்துப்போகும். வேறுபாடு அதிகம் இருப்பது புரதத்தின் தொடக்க முனையிலும் அந்தக் கீலிலும்தான். செலுத்திய துண்டு பிடிக்கும் பகுதியிலிருந்து வந்திருந்தால், உடன்பிறப்புகளையும் பிடிக்கும் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முழுப் புரதத்தையே செலுத்தியிருந்தாலும் அப்படியே. தொடக்க முனை அல்லது கீல் என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடலாம், ஆனால் சோதனை இல்லாமல் அதுவும் வேண்டாம்.

அடுத்து, அதே சாம்பிள்களை இன்னொரு மெம்பிரேனில் ஏற்றி ஹூ-ஆருக்கான 3ஏ2 என்ற மோனோகுளோனலால் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டது) பாருங்கள். இரண்டு படங்களையும் மார்க்கரை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், எந்தப் பட்டை யாருடையது என்று பாதிக் கதை வெளிவந்துவிடும்.

மீதிக் கதைக்கு நான் நம்புவது ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) முறையை. நான்கு ஹூ புரதங்களையும் தனித்தனியாக ஜிஎஃப்பியோடு கோத்து, நான்கு தட்டு ஹீலாவில் செலுத்துங்கள். ஜிஎஃப்பியின் எடை 27 கிலோடால்டன். ஆகவே கோத்த புரதம் 65–70 பக்கம் ஏறி, செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஹூ-ஆரிலிருந்து விலகித் தனியாக நிற்கும். ஒரு மெம்பிரேனில் ஜிஎஃப்பி ஆன்டிபாடி. நான்கிலும் எவ்வளவு புரதம் வந்திருக்கிறது என்று அது சொல்லும். இன்னொன்றில் நீங்கள் சந்தேகப்படும் ஆன்டிபாடி. நான்கில் எத்தனை லேன் எரிகிறதோ, அத்தனை பேரை அது பிடிக்கிறது. ஒரு வாரத்து வேலைதான், ஆனால் அந்தக் குப்பியின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். ஹெக்293 செல்லை இதற்கு நான் எடுப்பதில்லை. சிறுநீரகச் செல் என்று பெயர் இருந்தாலும் நரம்பணுப் புரதங்கள் சில அதில் தென்படுவதுண்டு, விடை குழம்பும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். விலங்குக்குச் செலுத்திய பெப்டைடையே (புரதத் துண்டு) ஆன்டிபாடியோடு கலந்து விட்டால் பட்டை மறைகிறது, ஆகவே ஆன்டிபாடி துல்லியமானது என்று பலர் காட்டுவார்கள். பெப்டைடு ஆன்டிபாடியின் பிடியை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பிடியால் ஹூ-ஆரைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். எலாவ்எல்4ஐ மட்டும் அடக்கும் எஸ்ஐஆர்என்ஏவை ஐஎம்ஆர்-32இல் கொடுத்து எந்தப் பட்டை மெலிகிறது என்று பார்ப்பது இதைவிடப் பல மடங்கு நேர்மையான சோதனை. கிரிஸ்பரால் அந்த மரபணுவையே நீக்கிய செல் கிடைத்தால் அதற்கு மேல் கேள்வியே இல்லை.

அறிகுறி: ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்று பட்டை

எல்லாக் கூடுதல் பட்டையும் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். ஹூ-டியின் கீல் பகுதி மாற்றுப் பிளவுக்கு (ஒரே மரபணுச் செய்தியை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டுவது) உள்ளாகும். சில அமினோ அமிலங்கள் கூடவோ குறையவோ உள்ள வடிவங்கள் ஒரே செல்லில் இருக்கலாம். மூளைச் சாம்பிளில் 38 முதல் 42 வரை நெருக்கமாக இரண்டு மூன்று பட்டைகள் வருவது இயல்பு. அதிலும் நீங்கள் பயன்படுத்துவது 16ஏ11 என்றால் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். 1994இல் வெளிவந்த அந்த மோனோகுளோனல் ஹூ-பி, ஹூ-சி, ஹூ-டி மூன்றையும் பிடிக்கும், ஹூ-ஆரை விட்டுவிடும். நரம்பணுக்களை எண்ணுவதற்கு அதைப்போல ஒன்று கிடைப்பது அரிது. குடல் நரம்புப் பின்னலில் வேலை செய்கிறவர்கள் அதை விடவே மாட்டார்கள், மீன் குஞ்சுகளில் ஆராய்கிறவர்களும் அப்படியே. ஆனால் ‘ஹூ-டி கூடியதா குறைந்ததா’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஹூ-சி கூடினாலும் அது ஒளிரும்.

25க்கும் 50க்கும் பக்கத்தில் பட்டை இருந்தால் அது இம்யூனோகுளோபுலினின், அதாவது ஆன்டிபாடியின், இலேசு, கன சங்கிலிகள். எலித் திசுவில் எலி ஆன்டிபாடி போட்டாலும், இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை மட்டும் இழுத்தெடுப்பது) செய்த சாம்பிளை ஏற்றினாலும் வரும். இரண்டாவது சூழலில், கன சங்கிலியின் பிரகாசம் கீழே இறங்கி 42ஐயே விழுங்கிவிடும். இலேசு சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரியை (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இழுப்பதற்கு எலி ஆன்டிபாடி, பார்ப்பதற்கு முயல் ஆன்டிபாடி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

25க்குச் சற்றுக் கீழே, இறந்துகொண்டிருக்கும் செல்களில் மட்டும் ஒரு பட்டை என்றால் ஹூ-ஆரை நினையுங்கள். செல் சாகும்போது காஸ்பேஸ் என்ற என்சைம்கள் அதை 24, 8 கிலோடால்டன் துண்டுகளாக வெட்டுகின்றன. மருந்து கொடுத்த செல்லில் ‘ஹூ-டி உடைகிறது’ என்று எழுதும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பட்டையே இல்லை

பான்சோ சாயம் போட்டு மெம்பிரேனுக்குப் புரதம் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் சந்தேகத்தைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்துங்கள்.

இருட்டறையில் ஒரு குழாயில் கொஞ்சம் ஈசிஎல் என்ற ஒளிரும் கரைசலை எடுத்து, அதை ஒளிரவைக்கும் ஹெச்ஆர்பி என்சைம் கோத்த செகண்டரி ஒரு மைக்ரோலிட்டர் விடுங்கள். உடனே நீலமாக ஒளிர வேண்டும். ஒளிராவிட்டால் கரைசலோ செகண்டரியோ செத்துவிட்டது. ஒளிர்ந்தால், அடுத்து ஒரு துண்டு நைட்ரோசெல்லுலோஸில் பிரைமரியை (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) ஒரு சொட்டு வைத்து உலர்த்தி, பிளாக் செய்து (காலி இடங்களை வேறு புரதத்தால் மூடி), செகண்டரி போட்டுப் பாருங்கள். புள்ளி தெரியவில்லையா? முயல் ஆன்டிபாடிக்கு எலி செகண்டரி போட்டிருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், நல்ல அனுபவசாலிகளும் செய்வதுதான் இது. புள்ளி தெரிந்தால் பின்பாதி சுத்தம். குறை பிரைமரியிலோ சாம்பிளிலோ இருக்கிறது.

பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது அது. ஆனால் ஹெச்ஆர்பியின் கழுத்தை நெரித்துவிடும். பிரைமரிக் குப்பியில் இருக்கும் சொற்ப அளவு நீர்த்தலில் கரைந்து கழுவலில் போய்விடும். செகண்டரி கலக்கும் பஃபரில் இருந்தால்தான் ஆபத்து.

இது எல்லாம் சரியாக இருந்து முதல் இரண்டு லேனிலும் பட்டை வந்து, நான்காவதில் மட்டும் இல்லையா? அப்படியானால் உங்கள் சாம்பிளில் ஹூ-டி இல்லாமலே இருக்கலாம். அது கோளாறு அல்ல, முடிவு. எலாவ்எல்4 எம்ஆர்என்ஏவை க்யூபிசிஆரில் பார்த்துவிட்டு அமைதியாக எழுதிவையுங்கள்.

இன்னொரு விசித்திரம்: பட்டை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக, சுற்றிலும் கறுப்பாக இருப்பது. ஆன்டிபாடி போதாமல் போனதாக நினைத்து இன்னும் கூட்டுவார்கள். உண்மையில் அங்கே ஹெச்ஆர்பி குவிந்து, ஈசிஎல்லை நீங்கள் படம் எடுக்கும் முன்பே தின்று தீர்த்துவிட்டது. செகண்டரியைப் பத்து மடங்கு குறையுங்கள்.

அறிகுறி: எலி மூளைத் துண்டில் எல்லாமே ஒளிர்கிறது

இரத்தக் குழாய்களின் ஓரம் கோடு கோடாக ஒளிர்ந்தால் அது எலியின் சொந்த இம்யூனோகுளோபுலின். எலியில் உண்டான 16ஏ11ஐ எலித் திசுவில் போட்டு, எலிக்கு எதிரான செகண்டரியை ஊற்றினால் அதற்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. திசு எடுக்கும்போதே இதயத்தின் வழியாக உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தத்தைக் கழுவிவிடுவது முதல் மருந்து. எலி இம்யூனோகுளோபுலினைப் பிடிக்கும் ஃபேப் (ஆன்டிபாடியின் பிடிக்கும் முனை) துண்டுகளால் முன்கூட்டியே மூடிவைப்பது இரண்டாவது. 16ஏ11 ஐஜிஜி2பி வகையைச் சேர்ந்தது. அந்த வகையை மட்டும் பிடிக்கும் செகண்டரி பின்னணியை நன்றாகக் குறைக்கும். பயோட்டின் கோத்த 16ஏ11 என்றால் எலி செகண்டரியே வேண்டாம். ஆனால் அப்போது பால் பவுடரில் பிளாக் செய்யாதீர்கள். பாலில் பயோட்டின் இருக்கிறது, பயோட்டினைக் கண்டுபிடிக்கப் போடும் ஸ்ட்ரெப்டாவிடினை அது இழுத்துக்கொள்ளும்.

வயதான மனித மூளையில் செல்லின் உள்ளே பொடிப்பொடியாக மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால், எந்த ஆன்டிபாடியும் போடாத துண்டை எல்லா வண்ண வடிகட்டியிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் தெரிந்தால் லிப்போஃபஸ்சின், நரம்பணுவில் வருடக்கணக்காகச் சேர்ந்த கழிவு. 70 சதவீத எத்தனாலில் 0.1 சதவீத சூடான் பிளாக் பி கரைத்துச் சில நிமிடங்கள் வைத்தால் அடங்கும்.

அறிகுறி: உட்கரு மட்டும் எரிகிறது

ஹூ-டி பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும் புரதம். ஹூ-ஆர் பெரும்பாலும் உட்கருவில். ‘ஹூ-டி’ என்று வாங்கியது உட்கருவை மட்டும் காட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் கிளையா செல், இரத்தக் குழாய்ச் செல் எல்லாவற்றின் உட்கருவையும் காட்டுகிறது என்றால், மறுபடி ஹீலா லேனுக்குப் போங்கள்.

அறிகுறி: நுரையீரல் பயாப்சியில் எதுவும் தெளிவாக இல்லை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு நோயாளியிடமிருந்து வலியோடு எடுத்தது, வீணாக்க மனம் வராது.

சிறு செல் கட்டியின் செல்கள் மெல்லியவை. இடுக்கியால் கிள்ளி எடுக்கும்போதே நசுங்கி, உட்கருக்கள் நூல் நூலாக இழுபட்டுப் போகும். நசுங்கிய இடமும் செத்த திசுவும் எந்த ஆன்டிபாடியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஹெமட்டாக்சிலின்-இயோசின் (வழக்கமான திசுச் சாயம்) ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வடிவம் கெடாத செல் கூட்டத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஓரத்தில் மட்டும் கறுத்திருந்தால் துண்டு நடுவில் காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள்.

நிறமே வரவில்லையென்றால் திசுவைப் பதப்படுத்திய ஃபார்மலின் புரதங்களில் போட்ட கட்டுகளை அவிழ்த்திருக்க மாட்டீர்கள். பிஎச் 6.0 சிட்ரேட்டில் ஒரு துண்டு, பிஎச் 9.0 ட்ரிஸ்-ஈடிடிஏவில் ஒரு துண்டு, இரண்டையும் ஒரே நாளில் சூடாக்கிப் பாருங்கள். ஒரு ஆன்டிபாடிக்கு எது ஒத்துவரும் என்பதை யூகத்தில் சொல்ல முடியாது. பயாப்சியில் கைவைக்கும் முன் குடல்வாலில் பழகுங்கள் என்பேன். குடல்வாலின் தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்புப் பின்னல் ஓடும். பெரிய, வெளிறிய நரம்பணுக்கள் நான்கைந்து ஒரு கொத்தாக உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் தசைச் செல்கள். நல்ல ஆன்டிபாடி அந்தக் கொத்தை மட்டும் பழுப்பாக்கி, தசையை நீலமாகவே விட்டுவிடும். பாஸிட்டிவும் நெகட்டிவும் ஒரே ஸ்லைடில் கிடைப்பது எவ்வளவு வசதி! ஒவ்வொரு சுற்றிலும் பயாப்சியோடு ஒரு குடல்வால் துண்டும் போகட்டும்.

கணையத்தில் நிறம் வந்தால் பதற வேண்டாம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலும் ஹூ-டி உண்டு.

அறிகுறி: போன குப்பி நன்றாக வேலை செய்தது, இது செய்யவில்லை

லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) பாருங்கள். பாலிகுளோனல் என்றால் வேறு முயலின் இரத்தமாக இருக்கும். பெயர் ஒன்று, சரக்கு வேறு. பழைய குப்பியில் கடைசி 10 மைக்ரோலிட்டரை எப்போதும் மிச்சம் வையுங்கள், புதியதோடு அருகருகே ஓட்டிப் பார்க்க. லாட் அதேதான் என்றால் சேமிப்பைச் சந்தேகியுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் அடிக்கடி லேசாகச் சூடாகி மறுபடி உறையும். ஆன்டிபாடிக்கு அது மெல்லச் சாவு. வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து வையுங்கள்.

இது நம் கைக்குறை மட்டும் என்று நினைத்து மனம் உடைந்துபோகிறவர்களுக்காக ஒன்று. கனடாவின் மாண்ட்ரியாலை மையமாகக் கொண்ட வைகாரோஸ் குழு, நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கு விற்பனையில் உள்ள 614 ஆன்டிபாடிகளை, மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்து 2023இல் வெளியிட்டது. இலக்கையே பிடிக்காத ஆன்டிபாடியை வைத்து, ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்தன. ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் (மரபணுவைச் செல்லில் செலுத்தித் தயாரிப்பவை) மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. புதிதாக வாங்குகிறவர்கள் விலை கூடினாலும் அந்த வகையைத் தேடுங்கள்.

அறிகுறி: குப்பியே தவறு

கேட்டலாக்கில் ‘ஆன்டி-ஹூ’ என்று தேடினால் மூன்று வகைச் சரக்கு வரும். நம் ஹூ ஒன்று. ‘ஹியூமன்’ என்பதன் சுருக்கமாக அதே இரண்டு எழுத்தைப் போடுவார்கள், அது ஒன்று. பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு ஒட்டும் எச்யு என்ற புரதம் இன்னொன்று. எலாவ்எல்4 என்ற மரபணுப் பெயரால் தேடினால் இந்தக் குழப்பம் வராது.

மருத்துவர்கள் ‘ஆன்டி-ஹூ பாஸிட்டிவ்’ என்று சொல்வது நோயாளியின் இரத்தத்தில் தானாக உண்டான ஆன்டிபாடியை. அன்னா-1 என்றும் அதற்குப் பெயர். நாம் வாங்கும் குப்பிகள் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று முத்திரை குத்தி வருபவை. தெரிந்தவர் ஒருவர் தம் அப்பாவின் இரத்தத்தைக் கொண்டுவந்து “உங்க லேப்லயே பாத்துச் சொல்லுங்களேன்” என்று கேட்டதுண்டு. மறுக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முடிவை வைத்து ஒருவருக்கு நுரையீரல் ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். அதற்கென அங்கீகாரம் பெற்ற நோயறி ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

கடைசியாக, கட்டுரை எழுதும்போது ‘ஹூ-டி ஆன்டிபாடி, 1:1000’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். குளோன் பெயர், லாட் எண், ஆர்ஆர்ஐடி எண் (ஆன்டிபாடியை அடையாளம் காட்டும் பதிவெண்), எந்த உடன்பிறப்புகளைப் பிடிக்கிறது என்று நீங்களே பார்த்த முடிவு, ஹீலா லேனோடு சேர்ந்த முழு மெம்பிரேன் படம், இவ்வளவும் போகட்டும். 36க்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்ட படத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்.